ரயிலில் பாட்டு சரியாகக் கேட்கவில்லையா? இயர்போன் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

"டிரெயினில் ஒண்ணும் கேட்கவில்லை, சத்தம் உள்ளே வராத மாதிரி நல்ல இயர்போன் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவர்களிடம் நான் மாடல் பெயர் சொல்வதில்லை. எந்தச் சத்தம் உள்ளே வருகிறது என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் கையில் இருக்கும் இயர்போனே போதுமானதாக இருக்கும். காதில் அது உட்காரும் விதம்தான் தப்பாக இருக்கும்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. தாம்பரம்–கடற்கரை எலெக்ட்ரிக் டிரெயினோ, மெட்ரோவோ, டவுன் பஸ்ஸோ, நீங்கள் தினமும் போகும் வண்டியில், வண்டி வேகமாக ஓடும்போது பாட்டை நிறுத்துங்கள். இயர்போனைக் கழற்றாமல் ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். "ஊம்ம்" என்று ஒரே மாதிரி இழுக்கும் என்ஜின், மோட்டார், ஏ.சி. சத்தம் தூக்கலாக இருக்கிறதா? இல்லை, பேச்சு, ஹாரன், வளைவில் சக்கரம் போடும் கிறீச் சத்தம் தூக்கலாக இருக்கிறதா?

முதலாவது தாழ்ந்த ஓசை, இரண்டாவது உயர்ந்த ஓசை. இரண்டுக்கும் மருந்து வேறு. உயர்ந்த ஓசையைக் காதை இறுக்கமாக அடைத்தே நிறுத்திவிடலாம். தாழ்ந்த ஓசை அடைப்புக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. அதற்குத்தான் ஏ.என்.சி. என்கிற மின்னணு வித்தை: வெளிச்சத்தத்தை மைக் பிடித்துக்கொள்ளும், அதற்கு நேர் எதிரான அலையை ஸ்பீக்கர் எழுப்பும், இரண்டும் மோதிக் கரைந்துபோகும். ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் அலைகள் மிகக் குட்டையாகிவிடும். அவற்றைத் துல்லியமாகத் துரத்திப் பிடிக்க இந்த வித்தையால் முடியாது. கீழே சொல்லும் பாதிக் கோளாறுகளுக்கு விளக்கம் இதிலேயே இருக்கிறது.

"வீட்டில் அருமையாக இருக்கிறது, டிரெயினில் பேஸே இல்லை"

அதிகம் கேட்கும் புகார் இதுதான். காரணம் இரண்டில் ஒன்றாகவோ, இரண்டும் சேர்ந்ததாகவோ இருக்கும். ஒன்று, வண்டியின் உறுமலும் பாட்டின் பேஸும், அதாவது அடி ஓசையும், ஒரே தாழ்ந்த வரிசையில் இருப்பதால் உறுமல் பேஸை மூடிவிடுகிறது. இன்னொன்று, காதுக்கும் இயர்போன் முனையில் இருக்கும் ரப்பருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறது. அந்த வழியாக வெளிச்சத்தம் உள்ளே வரும், பேஸ் வெளியே போய்விடும்.

இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க, வீட்டில் அமைதியான அறையில் ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் போடுங்கள். இடது பக்கமான தொப்பியின் "தொம்" எப்படிக் கேட்கிறது என்று கவனியுங்கள். பிறகு இரண்டு இயர்போனையும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். வலந்தலையின் "நம்" அப்படியே இருக்க, "தொம்" மட்டும் திடுமெனப் பருத்து வந்தால் சந்தேகமே வேண்டாம், ரப்பர் சரியாக அடைக்கவில்லை. சத்தம் மாறவே இல்லை என்றால் அடைப்பு நன்றாக இருக்கிறது, வண்டி உறுமல்தான் குற்றவாளி.

அடைப்பு சரியில்லை என்றால் பெட்டிக்குள் கிடக்கும் அந்தச் சின்னக் கவரைத் தேடுங்கள். பெரும்பாலான இயர்போன்கள் நடுத்தர அளவு ரப்பரை மாட்டித்தான் வரும். சின்னது, பெரியது இரண்டு ஜோடியும் கவரில் பிரிக்காமலே கிடக்கும். மூன்றையும் மாட்டிப் பாருங்கள். இடது காதும் வலது காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் நடுத்தரம், இன்னொரு பக்கம் பெரியது என்று போட்டுக்கொள்பவர்கள் நிறையப் பேர். இரண்டு அளவுக்கு நடுவில் ஊசலாடினால் பெரியதை எடுங்கள், காது வலிக்காத வரைக்கும்.

மாட்டும் விதமும் முக்கியம். காதுக் குழாய் நேராக இருக்காது, உள்ளே வளைந்துதான் போகும். வலது காதில் மாட்டும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைவு கொஞ்சம் நிமிரும். அந்த நேரத்தில் இயர்போனை லேசாகத் திருகி உள்ளே விட்டு, மடலை விடுங்கள். வெளி உலகம் சட்டென்று தூரத்துக்குப் போனது போல் இருந்தால் பொருந்திவிட்டது.

ரப்பர் எந்த அளவிலும் நிற்கவில்லையா? நுரை டிப்ஸ், அதாவது ரப்பருக்குப் பதில் மாட்டும் நுரை முனை, முயலலாம். அதை அப்படியே திணித்தால் பிரயோஜனம் இல்லை. விரல் நுனியில் உருட்டி ஒடுக்கி, காதில் வைத்து, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். ரப்பரைவிட நுரை நன்றாக அடைக்கும், ஆனால் நம் ஊர் வியர்வையில் சில மாதங்களில் இறுகிப்போகும். உருட்டினால் திரும்ப விரிய மறுக்கிறதென்றால் அதன் ஆயுள் முடிந்தது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: காதோரம் எண்ணெய்ப் பசை இருந்தால் சிலிகான் ரப்பர் எதுவும் நிற்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு இயர்போனைத் திட்டாதீர்கள்.

"பெட்டியில் நாய்ஸ் கேன்சலேஷன் என்று போட்டிருக்கிறது, ஒரு வித்தியாசமும் தெரியவில்லை"

பெட்டியை எடுத்து எழுத்தைச் சரியாகப் படியுங்கள். ஏ.என்.சி. என்று இருக்கிறதா, இ.என்.சி. என்று இருக்கிறதா? இ.என்.சி. என்பது உங்கள் காதுக்கானதே இல்லை. நீங்கள் ஃபோனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் எதிர்முனையில் இருப்பவருக்குப் போகாமல் வடிகட்டும் ஏற்பாடு அது. பாட்டுக் கேட்கும்போது அதற்கு வேலை கிடையாது. மலிவு விலைப் பெட்டிகளில் "நாய்ஸ் கேன்சலேஷன்" என்பது கொட்டை எழுத்திலும், இ.என்.சி. என்பது பொடி எழுத்திலும் இருக்கும். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் வாங்குபவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று தெரிந்தே செய்கிற வேலை.

ஏ.என்.சி. என்றுதான் போட்டிருக்கிறது என்றால், இயர்போனின் வடிவத்தைப் பாருங்கள். முனையில் ரப்பரே இல்லாமல் காது வாசலில் சும்மா உட்காரும் வகையா? அதிலும் ஏ.என்.சி. வைத்து விற்கிறார்கள். சுற்றிலும் திறந்திருக்கும் வாசலில் எதிர் அலை போட்டுப் பெரிதாக ஒன்றும் நடக்காது. மெட்ரோவின் ஏ.சி. சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ரப்பரும் இருக்கிறது, ஏ.என்.சி.யும் இருக்கிறது என்றால் ஃபோனில் அந்த இயர்போனுக்கான செயலியைத் திறந்து எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கூட்டத்தில் தோளோ தலைமுடியோ இயர்போனில் பட்டு, வெளிச்சத்தத்தை உள்ளே விடும் நிலைக்கு அது தானாக மாறியிருக்கலாம். தொட்டால் நிலை மாறும் அந்தக் கட்டளையை மட்டும் செயலியில் அணைத்துவிட்டால் தொல்லை விட்டது.

அப்புறம் அந்த "50 டெசிபல் வரை" என்ற எண். அது ஏதோ ஒரு குறிப்பிட்ட ஓசையில் கிடைக்கும் உச்சம். எல்லாச் சத்தமும் 50 டெசிபல் குறையும் என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம்.

"உறுமல் போய்விட்டது, பக்கத்து சீட் பேச்சு மட்டும் தெள்ளத் தெளிவாகக் கேட்கிறது"

இது கோளாறே இல்லை. ஏ.என்.சி. தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. உறுமல் மூடியிருந்த பேச்சு, மூடி விலகியதும் வெளியே தெரிகிறது. மனிதப் பேச்சின் தெளிவு பெரும்பாலும் ஏ.என்.சி. எட்டாத உயரத்தில் இருப்பதால் அதை அடைப்பால்தான் தடுக்க முடியும். பெரிய ரப்பர் அல்லது நுரை டிப்ஸ் மாட்டிப் பாருங்கள்.

பேச்சுச் சத்தம்தான் உங்களுடைய தலையாய எதிரி என்றால், ஏ.என்.சி.யே இல்லாத, குழாய்க்குள் ஆழமாகப் போகும் வயர் இயர்போன்களையும் யோசிக்கலாம். அமெரிக்காவின் எடிமோட்டிக் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த ஈ.ஆர்.-4 இந்த வகைக்கு முன்னோடி. மூன்று அடுக்குக் குடை போன்ற ரப்பர், பேட்டரி எதுவும் கிடையாது. 35 டெசிபலுக்கு மேல் தடுக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. போட்டுக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொட்டுத்தான் கூப்பிட வேண்டும். அவ்வளவு ஆழமாக எதையும் காதுக்குள் விட எல்லோராலும் முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழகுவதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும், சிலருக்குப் பழகவே பழகாது.

"ஜன்னலோரம் உட்கார்ந்தால் காதுக்குள் புயல்"

ஏ.என்.சி. மைக் இயர்போனுக்கு வெளிப்புறம் இருக்கும். கிண்டி தாண்டி வண்டி வேகமெடுத்ததும் ஜன்னல் காற்று நேராக அந்த ஓட்டையில் அடிக்கும். மைக் அதை வெளிச்சத்தம் என்று நினைத்து அதற்கும் எதிர் அலை போடும், உங்கள் காதில் சடசடவென்று விழும். செயலியில் காற்றுச் சத்தம் குறைக்கும் நிலை இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ஏ.என்.சி.யை அணைத்துவிடுங்கள். நல்ல அடைப்பு இருந்தால் அணைத்த பிறகும் பாட்டு கேட்கும்.

சென்னைப் புறநகர் ரயில் போன்ற திறந்த ஜன்னல் வண்டிகளில் வயர் இயர்போன் இன்னும் செல்லுபடியாவது இதனால்தான். 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் வந்த ஏ.சி. மின்சார ரயிலும் மெட்ரோவும் மூடிய பெட்டிகள். அங்கே ஏ.என்.சி. ராஜா மாதிரி வேலை செய்யும். ஆக, ஒரே இயர்போனை ஒருவர் புகழ்வதும் இன்னொருவர் திட்டுவதும் அவரவர் எந்த வண்டியில் போகிறார் என்பதைப் பொறுத்ததாகவும் இருக்கலாம்.

படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகும்போது எந்த இயர்போனும் வேண்டாம். தண்டவாளத்தைக் கடக்கும்போதும் கழற்றிவிடுங்கள். கடக்கக் கூடாத இடத்தில் கடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஹாரன் காதில் விழாமல் கடப்பது அதைவிட மோசம். மின்சார வண்டி பக்கத்தில் வரும்வரை பெரிதாகச் சத்தம் காட்டாது.

"நடந்தால் தொம் தொம், வயர் உரசினால் கரகர"

இரண்டும் வேறு வேறு. காலடிச் சத்தமும் மெல்லும் சத்தமும் எலும்பு வழியாகக் காதுக் குழாய்க்கு வந்து, வாசல் அடைபட்டிருப்பதால் வெளியேற முடியாமல் உள்ளேயே முழங்குகின்றன. காதை விரலால் அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், அதே கதைதான். இயர்போனை இன்னும் கொஞ்சம் ஆழமாக விட்டால் குறையும். நுரை டிப்ஸிலும் குறையும். முழுதாகப் போகாது. படி ஏறும்போது மட்டும் வெளிச்சத்தம் விடும் நிலைக்கு மாற்றிக்கொள்வது நடைமுறைக்கு எளிது.

வயர் உரசல் சுலபம். வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்பக்கமாக விடுங்கள், சட்டையில் ஒரு கிளிப் போட்டு நிறுத்துங்கள். பெரும்பாலும் அத்தோடு தீர்ந்துவிடும்.

"மாட்டும்போது மொறுமொறுவென்று ஏதோ சத்தம்"

அடைபட்ட காற்று ஸ்பீக்கரின் மெல்லிய தகட்டை அழுத்துகிறது. உடைந்துவிடவில்லை, பயப்படாதீர்கள். வாயைத் திறந்துகொண்டு மெதுவாக மாட்டினால் குறையும். மாட்டிய பிறகும் ஒரு பக்கம் பேஸ் இல்லாமலே இருந்தால், இயர்போனை எடுத்து மறுபடி மாட்டுங்கள்.

"ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது"

குறை காதிலா கருவியிலா என்று முதலில் பிரித்துவிட வேண்டும். இடது இயர்போனை வலது காதிலும், வலதை இடதிலும் வைத்துப் பாருங்கள். குறைச்சல் இயர்போனோடு கூடவே மாறிப்போனால் கருவியிலோ ஃபோனிலோ கோளாறு. குறைச்சல் அதே காதில் நின்றால் காதில் குறும்பி அடைத்திருக்கலாம். மருத்துவரிடம் போங்கள், பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள். உள்ளே இன்னும் தள்ளிவிடும்.

கருவி என்றால் அடுத்து ஃபோனின் அக்செசிபிலிட்டி அமைப்பில் இடது–வலது சமநிலைக் கோடு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ யாரோ தள்ளிவிட்ட கோடு ஒரு பக்கம் நகர்ந்தே கிடக்கும். அது சரியாக இருந்தால் ரப்பரைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் முனையின் வலையைப் பாருங்கள். சுத்தமான வலையில் ஓட்டைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னும். அடைபட்ட வலையில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மெழுகு போலப் படிந்து, பாதி ஓட்டைகள் குருடாகி இருக்கும். வலை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய டூத்பிரஷால் கீழிருந்து தட்டித் தேயுங்கள். உதிர்வது கீழே விழ வேண்டும், உள்ளே போகக் கூடாது. ஊசி, வாயால் ஊதுவது, தண்ணீர் மூன்றும் வேண்டாம். கழற்றிய சிலிகான் ரப்பரை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

வயர் இல்லாத வகையில் ஒரு பக்கம் சீக்கிரம் செத்துப்போகிறது என்றால் பெட்டிக்குள் இருக்கும் சார்ஜ் முனைகளைத் துடையுங்கள். வியர்வைப் படலம் போதும், ஒரு பக்கம் சார்ஜ் ஏறாமல் இருக்க.

"வாத்தியம் எல்லாம் கேட்கிறது, பாடுபவரைக் காணோம்"

வயர் இயர்போனில் வரும் விசித்திரம் இது. வயலின், கோரஸ் எல்லாம் எங்கோ குகைக்குள்ளிருந்து கேட்கும், பாடுபவர் குரல் மட்டும் ஆவியாகிவிட்டிருக்கும். 3.5 மி.மீ. பின் முழுதாக உள்ளே போகாமல், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான எர்த் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அப்போது இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். குரலை வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்வதால் அது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும்.

பாக்கெட்டில் கிடந்த ஃபோனின் துளையில் துணிப் பிசிறு அடைந்திருக்கும். ஃபோனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். உறை தடிமனாக இருந்து பின்னை முழுதாக உள்ளே போகவிடாமல் தடுப்பதும் உண்டு. டைப்-சி அடாப்டர் போட்டிருந்தால் அதையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். எதுவும் சரிவரவில்லை என்றால் பின்னை ஒட்டிய வயர் உள்ளே அறுந்திருக்கிறது. அந்த இடத்தை லேசாக வளைத்தால் குரல் வந்து வந்து போகும்.

"கூட்டம் ஏறினால் விட்டு விட்டுக் கேட்கிறது"

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகிறது. அதே அலையில் அந்தப் பெட்டியில் இருக்கும் மற்றவர்களுடைய இயர்போன்களும் ஓடுகின்றன. போதாக்குறைக்கு, நீர் நிறைந்த மனித உடம்பு இந்த அலையை நன்றாக உறிஞ்சும். ஃபோன் பேன்ட் பின்பாக்கெட்டில் இருந்தால் அலை உங்கள் உடம்பைத் தாண்டித்தான் காதுக்கு வர வேண்டும். மேலே கொண்டுவாருங்கள், கைக்கோ சட்டைப் பாக்கெட்டுக்கோ.

அப்படியும் விட்டுப்போனால், எல்டாக் போன்ற உயர்தரக் கோடெக்கை (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) அணைத்து, ஏ.ஏ.சி. என்கிற சாதாரணக் கோடெக்குக்கு மாற்றுங்கள். எல்டாக் உச்சத்தில் வினாடிக்கு 990 கிலோபிட் கேட்கும். நெரிசலில் அவ்வளவு இடம் கிடைக்காது. எல்டாக் வேண்டும் என்பவர்கள் ஃபோனின் டெவலப்பர் அமைப்பில் 330-க்கு இறக்கிக்கொள்ளலாம். ஓடும் ரயிலில் இந்தத் தர வித்தியாசத்தைக் காதால் கண்டுபிடிப்பவர் இருந்தால் அவருக்கு ஒரு வணக்கம். பையில் கிடக்கும் ஆபீஸ் லேப்டாப்போடும் இயர்போன் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இரட்டை இணைப்பும் இப்படிப் பண்ணும்.

"காது வலிக்கிறது, அரிக்கிறது, ஈரமாக இருக்கிறது"

வலி மட்டும் என்றால் ரப்பர் பெரியது, ஒரு அளவு குறையுங்கள். அரிப்போ கசிவோ இருந்தால் டிப்ஸை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், இயர்போனை நிறுத்திவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வியர்வையில் ஊறிய காதை மணிக்கணக்கில் அடைத்து வைத்தால் பூஞ்சைத் தொற்று வர வழி உண்டு. காதில் எண்ணெய் விடுவது தீர்வு இல்லை. இயர்போனை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் வேண்டாம்.

ஏ.என்.சி. போட்டால் மட்டும் காது அடைத்து அழுத்துகிறது, தலை கனக்கிறது என்பவர்கள் செயலியில் அதன் அளவைக் குறைக்கலாம். குறைத்தும் தொந்தரவு போகவில்லை என்றால் வெறும் அடைப்பு வகைதான் உங்களுக்குச் சரி.

"எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் முழு வால்யூம் வேண்டியிருக்கிறது"

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 90 டெசிபல் என்றால் அதே 40 மணி நேரம் வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். தினமும் போக வர ஒன்றரை மணி நேரம் 90-இல் கேட்பவர் செவ்வாய்க்கிழமை இரவே வாரக் கோட்டாவில் முக்கால் பங்கை முடித்துவிடுகிறார்.

டெசிபல் கருவி தேவையில்லை. ரயிலில் வைத்த அதே வால்யூமோடு வீட்டுக்கு வந்து, அமைதியான அறையில் மாட்டிக் கேளுங்கள். துள்ளிக் கழற்ற வேண்டும் போல இருந்தால் அடைப்பு போதவில்லை என்று பொருள். முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போய் டிப்ஸில் தொடங்குங்கள். பஸ்ஸில் உட்காரும் இடத்தை மாற்றினாலும் பலன் உண்டு. முன்பக்க என்ஜின் உள்ள பழைய பஸ் என்றால் டிரைவருக்குத் தள்ளிப் பின்னால், தாழ்தள பஸ்ஸில் என்ஜின் பின்னால் இருப்பதால் முன்னால்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டால்

மெட்ரோ, ஏ.சி. ரயில், ஏ.சி. பஸ் என்றால் ரப்பர் முனையுள்ள ஏ.என்.சி. வகை. திறந்த ஜன்னல் ரயில், சாதாரண டவுன் பஸ் என்றால் அந்தப் பணத்தை நன்றாக அடைக்கும் வயர் இயர்போனுக்கும் ஒரு ஜோடி நுரை டிப்ஸுக்கும் போடுங்கள், செலவும் குறையும். வியர்வைக்கு ஐ.பி.எக்ஸ்.4 என்கிற நீர்த்தெறிப்புத் தாங்கும் தரக்குறியீடு இருக்கட்டும். வயர்லெஸ்ஸுக்குத் தனியாக நுரை டிப்ஸ் வாங்கினால் முனையின் விட்டத்தோடு உயரத்தையும் பாருங்கள், உயரம் கூடினால் சார்ஜ் பெட்டி மூடாது. காதுக்குள் போகும் பொருள் என்பதால் பிரித்த இயர்போனைத் திருப்பி எடுக்கப் பல கடைகள் மறுக்கும். எனவே சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவோ ஆன்லைனோ, பணம் கொடுக்கும் முன் எத்தனை அளவு டிப்ஸ் வருகிறது, பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள்.